கிரேன் நைனா வீட்டுக் கல்யாணம்

உலகத்து நாடுகளையெல்லாம் ஒரே கூரையின் கீழ் நிற்கவைத்து, ஒன்றோடொன்று சண்டைக்குப் போகாமல் பார்த்துக்கொண்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். அவரை ஜெனீவாவில் தேடிப் பிரயோசனமில்லை. ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின்பக்கம், ஒன்பது குடித்தனங்களுக்கு ஒரே குழாய் உள்ள வரிசை வீட்டில் ஒரு போர்ஷனில் இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கிரேன் நைனா என்றால்தான் தெரியும். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை.

நான் அப்போது ஒரு கிளியரிங் கம்பெனியில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்க எண்ணிக் கோடு போடும் உத்தியோகம். அவர் மேலேயிருந்து இறக்குவார், நான் கீழே நின்று கோடு போடுவேன். குடியிருந்ததும் அதே வரிசையில்தான், அவருக்கு அடுத்த கதவு. ஆகவே இருபத்துநாலு மணி நேரமும் அவர் என் தலைக்கு மேலேயோ சுவருக்கு அந்தப் பக்கமோ இருந்துகொண்டேயிருந்தார்.

வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். ஒரு சரக்குக் கப்பலின் இன்ஜினியர், ஸ்காட்லாந்துக்காரர், தளத்தில் நின்று எட்டிப் பார்த்தபோது தொப்பி காற்றில் பறந்து கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீரில் விழுந்துவிட்டது. மனிதர் முழு வழுக்கை. தொப்பி இல்லாமல் அந்த வெயிலில் அரைமணி நேரம் நின்றால் மூளை வெந்துவிடும். நைனா மேலேயிருந்து பார்த்தார். கிரேன் கொக்கியை மெதுவாக இறக்கி, அரிசி மூட்டை தூக்கும் அந்த ராட்சசக் கொக்கியால் தொப்பியின் விளிம்பைக் குத்தி எடுத்து, அப்படியே தூக்கிக்கொண்டு போய் வெள்ளைக்காரர் தலையிலேயே கவிழ்த்தார் என்று ராயபுரம் முழுக்கச் சொல்வார்கள். உண்மையில் அவர் காலடியில்தான் வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஆனால் தலையில் வைத்ததைக் கண்ணால் கண்டவர்கள் இருபது பேர் இருந்தார்கள். என் ஒருவன் சாட்சி எடுபடவில்லை.

சந்தோஷத்தில் அந்த இன்ஜினியர் ஒரு பொம்மையைக் கொண்டுவந்து நைனா கையில் கொடுத்தார். ஒரு முழம் உயரம். சிவந்த கன்னம், நீள இமை, சாய்த்தால் கண்ணை மூடும், நிமிர்த்தினால் திறக்கும். பச்சையும் சிவப்பும் கட்டம் போட்ட மடிப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை, இடுப்பில் குஞ்சம் வைத்த சின்னப் பை. வெள்ளைக்காரர் நீளமாக என்னவோ சொன்னார். நைனாவுக்கு 'ஸ்காட்லாந்து' என்கிற ஒரு சொல்தான் பிடிபட்டது. அது போதும் என்றுவிட்டார்.

அன்று பிடித்தது பைத்தியம். எந்த நாட்டுக் கப்பல் வந்தாலும், அந்த நாட்டு உடுப்பு உடுத்திய பொம்மை ஒன்று வேண்டும். இதற்காக அவர் ஒரு முறை கண்டுபிடித்தார். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும், கொக்கியில் ஒரு பனையோலைக் கூடையை மாட்டி அந்தரத்தில் சுழற்றி கப்பல் தளத்தில் இறக்குவார். உள்ளே நாலு மாம்பழம், ஒரு புட்டி ஊறுகாய், அதோடு மாதிரிக்கு ஒரு பொம்மை. உலகத்து மாலுமிகளுக்கெல்லாம் அந்தப் பாஷை புரிந்தது. சிலர் மாம்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பழைய செருப்பை வைத்து அனுப்புவார்கள். "போவட்டும், அவங்க ஊர்ல அதான் தேசிய உடுப்பு போல" என்று நைனா அதையும் வைத்துக்கொள்வார்.

இரண்டே வருஷத்தில் ஒற்றை அறையின் மூன்று சுவர்களிலும் பலகை அடித்து, நாடுகள் வந்து நின்றுவிட்டன. மரச்செருப்புப் போட்ட ஹாலந்துத் தம்பதி, மாட்டோடு மல்லுக்கட்டும் ஸ்பெயின்காரன், குந்தியபடி ஆடும் ரஷ்யன், ஊதுகுழல் பிடித்த சுவிஸ்காரன். ரஷ்யன் கம்பளிக்குல்லாய் போட்டிருந்ததால் சித்திரை மாதத்தில் அவனைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் மாற்றிவைத்து விசிறிவிடுவார். ஓடு ஒழுகும் இடத்தில் ஜப்பான்காரி நின்றாள். அவளிடம்தான் குடை இருந்தது.

இதெல்லாம் பொம்மை என்று யாரும் அவரிடம் சொல்லிவிட முடியாது. "வூட்டுக்கு வந்த வெளிநாட்டுக்காரங்கபா" என்பார். அவர் சம்சாரம் கன்னியம்மாவுக்கு இதில்தான் பெரிய இம்சை. அந்த அம்மாள் வாயைத் திறந்தால் காசிமேட்டில் வலை இழுப்பவர்களுக்குக் கேட்கும். ஆனால் வீட்டுக்குள் சத்தம் போடக்கூடாது.

"யோவ், மண்ணெண்ண வாங்கியாரச் சொன்னனே, இன்னாயா ஆச்சு?"

"த, மெதுவாப் பேசு. அவங்க எதிர்ல இன்னா பேச்சு இது? நம்ம மானம் ஏழு கடல் தாண்டிப் போவும். வா, வெளிய வா."

இரண்டு பேரும் மரியாதையாகத் தெருவுக்கு வந்து, நடு ரோட்டில் நின்று கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டு முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக உள்ளே போவார்கள். ஏழு கடல் தாண்டிப் போகாத மானம் எங்கள் தெருவில் தினமும் போய்க்கொண்டிருந்தது.

கன்னியம்மாவுக்கு அத்தனை பொம்மைகள் மேலும் எரிச்சல், ஒன்றைத் தவிர. முதலில் வந்த அந்த ஸ்காட்லாந்துப் பொம்மை. அதற்கு ராணி என்று பெயர் வைத்தாள். தினமும் தலை சீவி, பொட்டு வைத்து, ஒரு கண்ணி மல்லிகை செருகுவாள். "பாத்தியா தம்பி, இடுப்புல சுருக்குப் பை வச்சிகினு கீறா. வெத்தல பாக்கு போடுவா போல. பொறுப்பான பொண்ணு" என்று என்னிடம் பெருமைப்பட்டாள். முக்கு மளிகைக்கடை அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒருமுறை எட்டிப் பார்த்து, "ஏ அம்மா, அது பாவாட மாரி இல்லியே. கட்டம் போட்ட கைலில்லா கட்டிருக்கு" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் கன்னியம்மா அவர் கடையில் உப்புக்கூட வாங்கவில்லை.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. பன்னிரண்டு வருஷம் திருவொற்றியூர்க் கோயிலுக்கும் பரங்கிமலை மாதாவுக்கும் வரம் கேட்டு நடந்து ஓய்ந்திருந்தார்கள். தெருவில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ராணிக்கு மல்லிகை வைப்பதைப் பார்த்து யாரும் சிரிக்காததற்கும் அதுதான் காரணம்.

ஆனால் பெண் என்று ஒன்று வந்துவிட்டால், அடுத்த கவலையும் பின்னாலேயே வந்துவிடுகிறது. மூன்றாவது வருஷம் கன்னியம்மா நைனாவைத் தெருவுக்குக் கூப்பிட்டாள். நான் வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தேன்.

"வயசுப் பொண்ணு. சுத்தியும் ஆம்பளைங்க நடுவுல நிக்க வச்சிகினு கீறியே, உனுக்கே நல்லாகீதா?"

"இன்னா பண்ணச் சொல்ற?"

"கட்டிக் குடுக்கணும்."

இருக்கிற பையன்களையே முதலில் பார்த்தார்கள். ஸ்பெயின்காரனை அவள் ஒரே வார்த்தையில் தள்ளினாள்: "மாட்டோட மல்லுக்கு நிக்கறவன் பொண்டாட்டிய வச்சிக் காப்பாத்துவானா?" ரஷ்யன்? "அவன் எப்போ பாத்தாலும் குந்திகினே கீறான். கால்ல இன்னா கோளாறோ." சுவிஸ்காரன் விஷயத்தில், ஊதுகுழலைத் தவிர வேறு வருமானம் உண்டா என்று கேட்டாள். அதோடு அவனும் தள்ளுபடி.

ஆவணி மாதம் ஒரு கிரேக்கக் கப்பல் வந்தது. வழக்கம்போலக் கூடை இறங்கியது. தளத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த சமையல்காரர் கூடையை எட்டிப் பார்த்தார், மேலே பார்த்தார், உள்ளே ஓடினார், ஒரு பொம்மையைத் தூக்கிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று மடிப்பு மடிப்பாக உடுப்பு, சிவப்புக் குல்லாய், செருப்பில் பூப்பந்து, முறுக்கி விட்ட கறுப்பு மீசை. நைனா கிரேனை அப்படியே நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி ஓடிவந்தார்.

"கிளார்க்கு! பாத்தியா? மடிப்பு வேட்டி! மீச! இவன்தான் மாப்ள!"

பேச்சுவார்த்தைக்கு நான் போனேன். என் இங்கிலீஷ் மூட்டை எண்ணுகிற இங்கிலீஷ்; சமையல்காரருடையது சமையலறை இங்கிலீஷ். பொம்மையைத் தரமாட்டேன், அம்மா கொடுத்தது என்றார். நான் சிரித்துக்கொண்டே, அது இல்லை ஐயா, கல்யாணத்துக்குக் கேட்கிறார்கள், பெண் இருக்கிறது என்று விளக்கினேன். அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன். அந்த மனிதர் கத்தியைக் கீழே வைத்தார், கையைத் துடைத்துக்கொண்டார், மிகவும் நிதானமாக, "பெண் எப்படி?" என்று கேட்டார். நைனாவுக்குச் சமமான பைத்தியம் ஒன்று கிரேக்க தேசத்திலும் இருந்திருக்கிறது, இரண்டும் சந்தித்துக்கொள்ள நான் தரகன் ஆகிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பெண்ணைக் கப்பலுக்குக் கொண்டுவரச் சொன்னார். நைனா கொதித்துவிட்டார். "பொண்ணக் கூடையில வச்சி எறக்கறதா? மாப்ள வூட்டுக்காரங்கதான் வந்து பாக்கணும். அதான் மொற." ஞாயிற்றுக்கிழமை சமையல்காரருக்குக் கரையில் இறங்க அனுமதி உண்டு. திங்கட்கிழமை கப்பல் கிளம்புகிறது. ஞாயிறு காலையே கல்யாணம் என்று முடிவாயிற்று.

ஒரு சங்கதியில்தான் இழுபறி. கல்யாணம் ஆனபின் பெண் எங்கே இருப்பது? நைனா, "வூட்டோட மாப்ளயா வந்துடச் சொல்லு. பலகையில எடம் கீது" என்றார். சமையல்காரர் முடியாது என்றார். அவருடைய அம்மா வீட்டில் கண்ணாடி அலமாரி இருக்கிறதாம், இரண்டு பேரும் அங்கேதான் வர வேண்டுமாம். நைனா கல்யாணத்தையே நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். தடுத்தது கன்னியம்மா.

"வூட்டோட மாப்ள வச்சா ஊரு இன்னா பேசும்? பொண்ணுன்னு பொறந்தா போற எடத்துக்குப் போவத்தான் வேணும். நா வர்ல, எங்க அம்மா வூட்ட உட்டு?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, அந்த மாமியாக்காரி எப்டியாம்? நாத்தனாரு கீதா?" என்று கேட்டாள். நான் விசாரித்து வந்து, மாமியாருக்கு எழுபது வயது, நாத்தனார் இல்லை என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை நைனா கிரேன் ஓட்டின அழகை நான் சொல்ல முடியாது. சிமெண்டு மூட்டைகளைக் கண்ணாடிப் பாத்திரம்போல இறக்கினார். சணல் கட்டுகளைத் தவறான லாரியில் வைத்தார். டீ குடிக்க வந்தபோது என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கிளார்க்கு, அந்தக் கப்பலு ஊர் போய்ச் சேர எத்தினி நாளு?"

"இருபது, இருபத்தஞ்சு நாள் ஆகும் நைனா."

"கடலு ஆடும்ல?"

"ஆடும்."

"அதுக்கு ஒத்துக்காதுபா. ஒரு தபா கட்டுமரத்துல இட்டுகினு போனேன், கண்ண மூடிகிச்சு." டீயை அப்படியே வைத்துவிட்டு ஏணியில் ஏறிப் போய்விட்டார். அந்தப் பொம்மை சாய்த்தால் கண்ணை மூடும் என்பது எனக்கு நினைவிருந்தது. அதைச் சொல்லாமல் மூட்டை எண்ணப் போனேன்.

ஞாயிறு காலை. வாசலில் இரண்டு வாழைக்கன்று. தெரு முழுக்க ஜனம். அண்ணாச்சி சமாதானமாகி ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாயைச் சீராகக் கொண்டுவந்திருந்தார். சமையல்காரர் கோட்டு டையோடு, தலையைப் படிய வாரி, மாப்பிள்ளையைக் கைக்குட்டையில் ஏந்திக்கொண்டு ரிக்ஷாவிலிருந்து இறங்கினார். குடிக்க ஏதாவது கிடைக்குமா என்று என்னிடம் கண்ணடித்தார். மதுவிலக்குக் காலம், ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தோம். அதை மருந்துபோலக் குடித்தார்.

கன்னியம்மா ராணியை எடுத்து வந்தாள். அந்தக் கட்டம் போட்ட பாவாடைக்கு மேலே மஞ்சள் பட்டில் ஒரு தாவணி, நெற்றிச்சுட்டி, தலை நிறையப் பூ. கன்னியம்மாவின் கண் இரண்டும் வீங்கியிருந்தன. சமையல்காரர் கையை நீட்டி வாங்கினார். பார்த்தார். அந்தப் பையைப் பார்த்தார். பாவாடையைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், வாழைக்கன்று ஆடியது.

"இன்னா சொல்றான்?" என்றார் நைனா.

அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. இது ஆண்பிள்ளை என்கிறார். சிப்பாய் என்கிறார். உலக யுத்தத்தில் இந்த ஆட்களோடு ஒரே பதுங்குகுழியில் படுத்திருந்தேன் என்கிறார். நான் நைனாவிடம், "பொண்ணு லட்சணமா இருக்குதாம்" என்று மொழிபெயர்த்தேன்.

ஆனால் சமையல்காரர் விடவில்லை. மீசையை முறுக்கிக் காட்டினார், லெஃப்ட் ரைட் போட்டுக் காட்டினார். அப்படியும் தெரு விழித்துக்கொண்டு நிற்கவே, அத்தாட்சி காட்டும் உத்தேசத்தில் ராணியைத் தலைகீழாகப் பிடித்து, பாவாடையைத் தூக்கினார்.

தெரு எழுந்துவிட்டது.

"டேய் கஸ்மாலம்! கல்யாணத்துக்கு முன்னால இன்னா வேல பண்றே!" நைனா அவர் டையைப் பிடித்துவிட்டார். "அவன் கையப் பிடிங்கவே!" என்று அண்ணாச்சி ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். நான் நடுவே விழுந்து பொம்மையைப் பிடுங்கினேன். பாவாடையின் உள்பக்கம் இடுப்புத் தையலில் ஒரு துண்டு நாடா தைத்திருந்தது. அதில் இங்கிலீஷ் எழுத்து. மூன்று வருஷமாக ஒருவரும் பார்க்காதது. எப்படிப் பார்ப்பார்கள்? வயசுப் பெண்ணின் பாவாடையை விலக்கிப் பார்க்க அந்த வீட்டில் யாருக்குத் துணிச்சல் வரும்?

நான் வாசித்தேன். இரண்டாவது முறையும் வாசித்தேன். பிறகு சொல்லத்தான் வேண்டியிருந்தது. "நைனா, இதுல 'மலைநாட்டுச் சிப்பாய்'னு போட்டிருக்கு. அவங்க ஊர்ல ஆம்பளைங்கதான் இப்படிக் கட்டுவாங்களாம். இது பொண்ணு இல்ல."

இண்டர்மீடியட்டில் நான் ஸ்காட்லாந்தின் மலைகளையும் ஏரிகளையும் படித்துப் பாஸ் செய்தவன். அங்கே ஆண்பிள்ளைகள் என்ன கட்டுகிறார்கள் என்று பாடத்தில் வரவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த வெட்கம் அதைப் பற்றித்தான்.

கன்னியம்மா என் கையிலிருந்து பொம்மையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நைனா டையைப் பிடித்த கையை எடுக்க மறந்து நின்றார்.

"கிளார்க்கு," என்றார் மெதுவாக, "அந்த நாடாவுல தப்பா அச்சடிச்சிருக்க மாட்டானா?"

"மாட்டாங்க நைனா."

"அவ தாங்க மாட்டாபா. பொண்ணு பொண்ணுன்னு மூணு வருசமா..." உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. கன்னியம்மா சத்தம் போடாமல் இருப்பது எவ்வளவு பயங்கரமானது என்று அன்றுதான் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது.

கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. பூ இல்லை, பொட்டு இல்லை, நெற்றிச்சுட்டி இல்லை, தாவணி இல்லை. எண்ணெய் வைத்துப் படிய வாரி, பக்கவாட்டில் வகிடு எடுத்திருந்தாள். மற்றதெல்லாம் அப்படியே. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி சொன்னதுதான் சரி. கைலிதான் கட்டிகினு கீறான்" என்றாள்.

"நான் அன்னிக்கே சொன்னம்லா!" என்றார் அண்ணாச்சி. அவர் வாழ்க்கையில் அதுவே மிகப்பெரிய வெற்றியாக இருந்திருக்க வேண்டும்.

நைனா இன்னும் விழித்துக்கொண்டிருந்தார். கன்னியம்மா அவரைப் பார்த்தாள்.

"இன்னாயா முழிக்கிற? ஆம்பளப் புள்ளதான்யா. புள்ளைய எந்த ஊர்லயா கட்டிக் குடுத்துக் கப்பலேத்தி அனுப்பறாங்க? இங்கதான் இருப்பான். நம்ம வூட்லதான் இருப்பான். வந்தவங்களுக்கு எலயப் போடு."

நைனாவுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சமையல்காரரின் டையை விட்டார். பிறகு அதே டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். சமையல்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நைனாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி அவரும் அழுதார். இலை போட்டதும் மூன்று முறை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஊறுகாய் ஜாடியோடும் கல்யாணம் ஆகாத மாப்பிள்ளையோடும் ரிக்ஷா ஏறினார்.

நான் அதற்குப் பிறகு அந்த வேலையை விட்டு, தெருவை விட்டு, எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். நின்றுபோன கல்யாணத்தில் வயிறாரச் சாப்பிட்டது அந்த ஒருமுறைதான். துறைமுகத்துப் பழைய ஆட்கள் யாரையாவது எங்காவது சந்தித்தால் கிரேன் நைனா பேச்சு வராமல் இருக்காது. சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சிரித்து முடித்ததும், "பாவம், அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது" என்று யாராவது ஒருவர் சொல்வார். எனக்குக் கோபம் வரும். அதெல்லாம் இல்லை, ஒரு பையன் இருந்தான் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து வருவேன்.